எதிர்காலத்தின் எழுத்துக்கும் ஒரு கடந்தகாலம் உண்டு

ஸ்டான்லி கூப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ 1968 ஏப்ரலில் வெளிவந்தது. நிலவுக்குப் பயணம் செய்யும் ஹேவுட் ஃபிளாய்டு என்னும் அதிகாரி, கலத்தின் உள்ளே ஓர் அறிவிப்புப் பலகையின் முன் நின்று கவனமாகப் படிக்கும் சிறு காட்சி ஒன்று அதில் உண்டு. எடையற்ற நிலையில் கழிவறையை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பதற்கான விதிகள் அப்பலகையில் வரிசையாக எண்ணிட்டு எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலோர் சிரித்துவிட்டுக் கடந்து செல்லும் காட்சி அது. ஆனால் அப்பலகையின் தலைப்பை அமைத்திருக்கும் எழுத்துகளை ஒருமுறை உற்றுப் பார்ப்பவருக்கு அவை ஏற்கெனவே பழகியவைபோலத் தோன்றும். உயரத்தைவிட அகலம் மிகுந்த, தடித்த, மூலைகள் மட்டும் மழுங்கிய செவ்வக எழுத்துகள். விண்கலத்தின் வெளிப்புறத்திலும், கணினித் திரையிலும், அறிவியல் புனைகதை நூல்களின் அட்டையிலும், எதிர்காலத் தொழில்நுட்பம் குறித்த கருத்தரங்குச் சுவரொட்டிகளிலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வந்துகொண்டிருக்கும் எழுத்துக் குடும்பம் அது. யூரோஸ்டைல் என்பது அதன் பெயர். அதன் முன்னோடி மைக்ரோகிராமா.

எதிர்காலம் என்றதும் நினைவுக்கு வரும் இந்த எழுத்துரு 1952ஆம் ஆண்டில் இத்தாலியின் டூரின் நகரில், ஈயத்தில் வார்க்கப்பட்டுப் பிறந்தது. அது பிறந்தது விண்வெளிக்காக அன்று. முகவரி அட்டைகளிலும் கடிதத் தாள்களின் தலைப்புகளிலும் சிறிய அளவில் அச்சிடத்தக்க எழுத்துகளின் வழியில் வந்தது அது. எதிர்காலத்தின் அடையாளமாக ஆன பின்னர் அதன் பிறப்பு, அதை வரைந்த கை, அதன் வளைவு, அதற்கு உரிய வேலை ஆகிய அனைத்தும் ஒவ்வொன்றாக மறக்கப்பட்டன. அந்த மறதிகள் எவ்வாறு நேர்ந்தன என்று பார்ப்பது எழுத்துரு வரலாற்றுக்கு வெளியே இருப்பவர்களுக்கும், குறிப்பாக ஆய்வுலகத்தில் இருப்பவர்களுக்கும், பயனுடையது.

*

டூரின் நகரத்தின் நெபியோலோ நிறுவனம் அச்சு எந்திரங்களையும் வார்ப்பெழுத்துகளையும் செய்துவந்தது. ஜோவான்னி நெபியோலோ 1878இல் ஒரு சிறு எழுத்து வார்ப்பகத்தை வாங்கித் தொடங்கிய தொழில், இருபதாம் நூற்றாண்டில் இத்தாலியின் முதன்மையான எழுத்து வார்ப்பகமாக வளர்ந்தது. அதன் கலைப் பிரிவை வழிநடத்தியவர் 1893இல் பிறந்த அலெஸ்ஸாண்ட்ரோ புட்டி. 1936இல் பதினாறு வயதில் அப்பிரிவில் வரைகலைஞராகச் சேர்ந்த இளைஞர் ஆல்டோ நோவரேஸே. இருவருக்கும் இடையே இருபத்தேழு வயது வேறுபாடு. மைக்ரோகிராமா இவ்விருவரின் பெயராலும் வெளிவந்தது.

அதில் பெரிய எழுத்துகளும் எண்களும் குறியீடுகளும் மட்டுமே இருந்தன. இலத்தீன் எழுத்துமுறையில் சிறிய எழுத்துகள் இல்லாத எழுத்துரு குறையுடையது என்று இன்றைய வாசகர் எண்ணக்கூடும். அக்காலத்து அச்சகத்தில் அது ஒரு தனி வகை. பெரிய எழுத்துகளுக்குக் கோட்டின் கீழே இறங்கும் வால்கள் இல்லை. ஆகவே வார்ப்பெழுத்தின் உலோக உடலில் கீழ்ப்பகுதியை வெற்றிடமாக விட வேண்டியதில்லை. எழுத்தின் முகம் கிடைக்கும் இடம் முழுவதையும் நிரப்பிக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஃபிரெடரிக் கவுடி 1901இல் வரைந்த காப்பர்பிளேட் காத்திக், மாரிஸ் ஃபுல்லர் பென்டன் 1930இல் வரைந்த பேங்க் காத்திக் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. வழக்கறிஞர், வங்கி, மருத்துவர் ஆகியோரின் அட்டைகளை அச்சிட்ட எழுத்துகள் அவை.

இவை ஏன் அகலமாக இருந்தன என்பதற்கும் இதே இடத்தில் விடை உண்டு. எழுத்து சிறிதாகும்போது முதலில் அழிவது அதன் உள்வெளி. ‘ஏ’, ‘பி’, ‘ஆர்’ போன்ற எழுத்துகளுக்குள் அடைபட்டிருக்கும் வெண்ணிடத்தை மை புகுந்து அடைத்துவிடும். உயரத்தைக் கூட்ட வழியில்லாதபோது அவ்வெளியைக் காப்பாற்ற ஒரே வழி எழுத்தைப் பக்கவாட்டில் விரிப்பது. பெயரும் அலுவலக முகவரியும் மட்டுமே கொண்ட அட்டையில் உயரம்தான் அருமை, அகலத்துக்குப் பஞ்சமில்லை. ‘மைக்ரோகிராமா’ என்ற பெயர் ‘சிறு எழுத்து’ என்னும் பொருள்பட வைக்கப்பட்டதை இப்பின்னணியில் வைத்துப் பார்த்தால், பின்னாளில் பிரம்மாண்டமான விண்கலங்களின் பக்கச்சுவரில் இடம்பிடித்த எழுத்தின் பெயர் அது என்பதில் உள்ள நகைமுரண் விளங்கும்.

*

வடிவமைப்பில் மைக்ரோகிராமாவின் தனித்தன்மை அகலத்தைவிட வளைவில் இருக்கிறது. ‘ஓ’ என்ற இலத்தீன் எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். ரோமானியக் கல்வெட்டுகளின் வழிவந்த மரபில் அது ஏறக்குறைய வட்டம். இயந்திரத்தனமாக அதை அகலப்படுத்தினால் நீள்வட்டம் கிடைக்கும். நீள்வட்டத்தின் இரு முனைகளும் கூர்ந்து, நடுவில் வயிறு பெருத்து, வரிசையில் பக்கத்து எழுத்தோடு ஒட்டாமல் உருளும். செவ்வகமாக்கினால் வரிசை நேராகும்; ஆனால் எழுத்து பெட்டியாகி விறைத்துப்போகும். மைக்ரோகிராமா இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வடிவத்தைத் தேர்ந்தது. பக்கங்கள் நேர்கோடுபோலத் தோன்றும். உண்மையில் மெல்லிய வில்லாக வெளியே வளைந்திருக்கும். மூலைகள் திடுமெனத் திரும்பாமல், பக்கத்தின் வளைவு படிப்படியாக இறுகித் திரும்பும்.

கணிதத்தில் இவ்வடிவத்துக்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு. பிரெஞ்சுக் கணிதவியலர் கப்ரியேல் லாமே 1818இல் விவரித்த வளைகோடுகள் அவை. நீள்வட்டத்தின் சமன்பாட்டில் இரண்டு என்று இருக்கும் அடுக்கை மெல்ல உயர்த்தினால், நீள்வட்டம் தன் நான்கு மூலைகளை நோக்கி ஊதிக்கொண்டே போய், இறுதியில் செவ்வகத்தை நெருங்கும். இடையில் கிடைப்பவை நீள்வட்டமும் இல்லை, செவ்வகமும் இல்லை. டென்மார்க்கின் பீட் ஹைன் 1959இல் ஸ்டாக்ஹோம் நகரின் செர்கெல் சதுக்கத்தை அமைக்க இரண்டரை என்ற அடுக்கைத் தேர்ந்தெடுத்த பின்னர் இவ்வடிவம் புகழ்பெற்றது. ஆனால் அதற்கு ஏழாண்டுகள் முன்பே டூரினில் அதன் சாயல் ஈயத்தில் வார்க்கப்பட்டிருந்தது. அதே 1952இல் ஜெர்மனியில் ஹெர்மன் சாப்ஃப் வெளியிட்ட மெலியோர் என்ற எழுத்துருவின் வளைவுகளும் இதே இனத்தவை. மெலியோர் செரிஃப் உடையது, செய்தித்தாள் வாசிப்பை மனத்தில் கொண்டது. மைக்ரோகிராமாவோடு வேறெந்த ஒற்றுமையும் அதற்கு இல்லை. ஒரு வடிவம் ஒரு காலத்தின் காற்றில் கலந்திருக்கும்போது அது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மேசைகளில் ஒரே சமயத்தில் தோன்றும் என்பதற்கு இது சான்று.

மைக்ரோகிராமாவின் ‘ஓ’ தொலைக்காட்சித் திரையின் வடிவத்தை ஒத்தது என்று பலரும் கூறுவதுண்டு. ஒப்புமை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் இத்தாலியில் தொலைக்காட்சியின் முறையான ஒளிபரப்பு தொடங்கியது 1954 சனவரியில்தான். திரை வீடுகளுக்குள் வருமுன்பே அதன் வடிவத்தில் எழுத்து வந்துவிட்டது. ஃபியட்டின் கார்களும் அருகிலுள்ள இவ்ரேயாவில் ஒலிவெட்டியின் தட்டச்சுப் பொறிகளும் உருவாகிக்கொண்டிருந்த தொழில் வட்டாரம் அது. கார்ச் சன்னல், பொறியின் உறை என எங்கும் தகட்டை வளைத்து மூலையை மழுக்கும் கைப்பழக்கம் நிலவிய சூழலில் எழுத்தும் அவ்வாறே வளைந்தது என்று கொள்வது கூடுதல் பொருத்தம்.

அகன்ற எழுத்துருவை வரைவதில் உள்ள சிக்கல் ‘ஓ’வோடு முடிவதில்லை. ஒற்றைச் செங்குத்துக் கோடான ‘ஐ’யை அகலப்படுத்த முடியாது, அது எந்த எழுத்துருவிலும் ஒல்லியாகவே நிற்கும். ‘எம்’, ‘டபிள்யூ’ ஆகியவையோ ஏற்கெனவே அகன்றவை. மேலும் விரிந்தால் வரியையே விழுங்கிவிடும். சாய்கோடுகளால் ஆன ‘ஏ’, ‘வி’, ‘கே’, ‘எக்ஸ்’ ஆகியவற்றுக்கு மழுங்கிய செவ்வகத்தில் இடமே இல்லை. படுக்கைக் கோடுகளும் செங்குத்துக் கோடுகளும் ஒரே கனத்தில் இருந்தால் படுக்கைக் கோடே கண்ணுக்குத் தடித்துத் தெரியும். ஆகவே அதைச் சற்றே மெலிதாக்க வேண்டும். அளவுகோலுக்குத் தவறாகவும் கண்ணுக்குச் சரியாகவும் இருக்கும்படி இவ்வாறு நூற்றுக்கணக்கான சிறு பொய்களைச் சொல்லித்தான் ஓர் எழுத்துரு ‘வடிவியல் ஒழுங்குடையது’ என்ற பெயரை வாங்குகிறது.

*

1952 மற்றொரு காரணத்தாலும் நினைவுகூரத்தக்க ஆண்டு. அவ்வாண்டில் நெபியோலோவின் கலைப் பிரிவின் பொறுப்பு புட்டியிடமிருந்து நோவரேஸேவிடம் சென்றது. 1959இல் புட்டி மறைந்தார். 1962இல் நோவரேஸே, மைக்ரோகிராமாவின் பெரிய எழுத்துகளுக்குப் பொருந்தும் சிறிய எழுத்துகளை வரைந்து, குறுகிய வடிவங்களையும் சேர்த்து விரிவாக்கி, ‘யூரோஸ்டைல்’ என்ற பெயரில் வெளியிட்டார். ஐரோப்பிய நாடுகள் ஆறு உரோம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு ஐந்தாண்டுகளே ஆகியிருந்த காலத்தில் ‘ஐரோப்பியப் பாணி’ என்னும் பொருள் தொனிக்கும் பெயர் அது.

சிறிய எழுத்துகளைச் சேர்ப்பது எளிய வேலை அன்று. இலத்தீனின் பெரிய எழுத்துகள் கல்லில் வெட்டப்பட்டவற்றின் வழிவந்தவை. சிறிய எழுத்துகள் எழுதுகோலின் ஓட்டத்தில் பிறந்தவை. ‘ஏ’, ‘ஜி’, ‘இ’ ஆகியவற்றின் சிறிய வடிவங்களில் கையின் திருப்பங்கள் மறைந்திருக்கின்றன. அவற்றைத் தகட்டு வளைவுக்குள் அடக்கும்போது ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு தீர்வு காண வேண்டியிருக்கிறது. நோவரேஸே அதைச் செய்து முடித்தார். அவருடைய ஆற்றலைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் காரணம் இல்லை. எழுத்துருக்களை வகைப்படுத்தும் முறை ஒன்றை வகுத்தவர், எழுத்தின் வரலாறு குறித்து நூல்கள் எழுதியவர், வார்ப்பெழுத்துக் காலம் முடிந்த பின்னரும் புதிய தொழில்நுட்பங்களுக்காக வரைந்துகொண்டே இருந்தவர் அவர். 1995இல் மறைந்தார்.

ஆயினும் யூரோஸ்டைலை அறிமுகப்படுத்தும் குறிப்புகள் பெரும்பாலும் ‘வடிவமைத்தவர்: ஆல்டோ நோவரேஸே, 1962’ என்று முடிந்துவிடுகின்றன. குறிப்பு பொய்யன்று, குடும்பம் முழுமை பெற்ற ஆண்டும் முழுமையாக்கியவரின் பெயரும் சரி. ஆனால் திரைப்படங்களில் எதிர்காலத்தின் அடையாளமாக நிற்பவை பெரும்பாலும் பெரிய எழுத்துகள். அவை பத்தாண்டுகள் முன்பே இருவரின் கூட்டுப் பெயரில் வெளிவந்துவிட்டன. இது ஒருமுறை மட்டும் நடந்ததும் அன்று. 1951இல் புட்டியும் நோவரேஸேவும் சேர்ந்து அகுஸ்டேயா என்ற பெரிய எழுத்துகள் மட்டும் கொண்ட எழுத்துருவை வெளியிட்டனர். 1964இல் அதற்கும் சிறிய எழுத்துகளைச் சேர்த்து ‘நோவா அகுஸ்டேயா’வை நோவரேஸே கொண்டுவந்தார். மூத்தவரோடு சேர்ந்து தொடங்கியதை இளையவர் தனியே முடித்தார். முடித்தவரின் பெயரே நிலைத்தது.

ஆய்வுலகத்தில் இதன் எதிர்த்திசைக் கதையே மிகுதியாகக் கேட்கப்படுகிறது. மாணவரின் உழைப்பு நெறியாளரின் பெயரால் அறியப்படுவதும், கட்டுரையின் முதற்பெயர் யாருக்கு என்ற வழக்கு துறை அறைகளில் தாழ்ந்த குரலில் பேசப்படுவதும் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவானவை. டூரின் கதையில் மறைந்தது மூத்தவரின் பெயர். இங்கே யாரும் யாரையும் ஏமாற்றியதாகச் சொல்லச் சான்று எதுவும் இல்லை. அவ்வாறு சொல்வது முறையும் ஆகாது. பெயர் மறைவதற்கு ஒரு வஞ்சகர் வேண்டும் என்பதில்லை என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. பட்டியலில் ஒரு வரி குறைவாக இருந்தால் போதும். அப்பட்டியலைப் பார்த்து இன்னொரு பட்டியல் தயாரிக்கப்படும். முதல் பதிப்பைத் தேடிப் பார்க்காமல் மேற்கோளின் மேற்கோளைக் காட்டும் கை ஒன்று எப்போதும் இருக்கும். இருவரின் பெயர்களுக்குப் பின்னால் பட்டியலில் ஒருபோதும் ஏறாத கைகளும் உண்டு. வரைபடத்தை உலோக அச்சாக வெட்டியவர்கள், ஈயத்தை வார்த்து அளவு சரிபார்த்தவர்கள் இல்லாமல் எந்த வளைவும் தாளுக்கு வந்திருக்காது.

*

அட்டைக்காகப் பிறந்த எழுத்து விண்வெளிக்குச் சென்ற வழி வியப்பானது. ஆனால் மாயம் எதுவும் அதில் இல்லை. சிறிய அளவில், பெரிய எழுத்துகளில், ஓரிரு சொற்களைத் தெளிவாகக் காட்டுவது என்ற தேவை முகவரி அட்டைக்கு மட்டும் உரியது அன்று. எந்திரத்தின் விசைக்கு மேலே, அளவுமானியின் முகப்பில், பொத்தானின் அடியில் எழுதப்படும் சொற்களுக்கும் அதே தேவைதான். அலுவலகத் தாளிலிருந்து கருவிப் பலகைக்குச் செல்வது இவ்வகை எழுத்துக்கு இயல்பான அடுத்த படி.

1960களின் தொடக்கத்தில் பிரிட்டனின் லெட்ராசெட் நிறுவனம், தேய்த்தால் தாளில் ஒட்டிக்கொள்ளும் எழுத்துத் தாள்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை நல்ல எழுத்தமைப்பு வேண்டுமெனில் அச்சகத்தை நாட வேண்டும். இப்போது ஒரு தாளும் ஒரு மழுங்கிய பென்சிலும் இருந்தால் யாரும் எந்தப் பரப்பிலும் அச்செழுத்தைப் பதிக்கலாம் என்ற நிலை வந்தது. அத்தாள்களில் மைக்ரோகிராமாவும் இருந்தது. திரைப்படக் கலைப் பிரிவினருக்கு இது பெரும் வாய்ப்பு. மரத்தாலும் நெகிழியாலும் செய்த போலி விசைப்பலகைகளை உண்மையானவைபோலக் காட்ட, உண்மையான கருவிகளில் இருக்கும் எழுத்தையே அவற்றின் மேல் தேய்த்தால் போதும்.

கூப்ரிக்கின் படத்தைப் பார்த்தவர்கள் மற்றொன்றையும் நினைவுகூரலாம். அதில் விண்வெளி நிலையத்தில் ஹில்டன் விடுதி இருக்கும். பயணிகளை ஏற்றிச் செல்லும் கலத்தில் பான் ஆம் விமான நிறுவனத்தின் சின்னம் இருக்கும். எதிர்காலம் அன்னியமாக இருக்காது, இன்றைய வணிகமே அங்கும் கடை விரித்திருக்கும் என்பது படத்தின் பார்வை. அவ்வகையில் யூரோஸ்டைலும் 1968இன் பார்வையாளருக்கு நிகழ்காலத்தின் எழுத்து. தம் அலுவலகத்திலும் கருவிகளிலும் கண்ட எழுத்தை நிலவுப் பயணத்திலும் கண்டதால்தான் அப்பயணம் அவருக்கு நம்பத்தக்கதாக இருந்தது.

அடுத்து வந்தவர்கள் நிகழ்காலத்தைப் பார்த்து வரையவில்லை. அப்படத்தைப் பார்த்து வரைந்தார்கள். 1975இல் வெளிவந்த ‘ஸ்டார் ட்ரெக்’கின் ‘ஸ்டார் ஃப்ளீட் டெக்னிக்கல் மேன்யுவல்’ என்ற கற்பனைக் கையேடு மைக்ரோகிராமாவைக் கையாண்டது. தொடர்ந்து விண்வெளிக் கதைகள் பலவற்றில் இக்குடும்பம் ஏறியது. டங்கன் ஜோன்ஸின் ‘மூன்’ 2009இல் நிலவுத் தளத்தின் சுவர்களில் இதையே எழுதியபோது, அது எதிர்காலத்தைக் காட்டியதைவிட, எதிர்காலத்தைக் காட்டிய பழைய படங்களையே நினைவூட்டியது. பிரிட்டனைச் சேர்ந்த டேவ் அட்டி அறிவியல் புனைகதைப் படங்களின் எழுத்துருக்களை ஒவ்வொரு சட்டகமாக ஆராய்ந்து 2014 முதல் எழுதி, 2018இல் நூலாகவும் வெளியிட்டார். யூரோஸ்டைலின் தடித்த அகன்ற வடிவம் திரையில் தோன்றினாலே ‘இது எதிர்காலம்’ என்று பார்வையாளர் புரிந்துகொள்கிறார் என்பதை நகைச்சுவையோடும் சான்றுகளோடும் அவர் காட்டுகிறார். எழுத்தின் வடிவத்தில் எதிர்காலம் இருக்கவில்லை. பயன்பாட்டின் வழியாக அது ஏற்றப்பட்டது. ஏற்றப்பட்டது என்பது மறந்தபின், வடிவத்தின் இயல்பே அதுதான் என்று தோன்றத் தொடங்கியது.

*

மறதி வளைவையும் விட்டுவைக்கவில்லை. 1970களில் நெபியோலோவின் வார்ப்பெழுத்துத் தொழில் முடிவுக்கு வந்தது. ஈயத்திலிருந்து ஒளிப்பட அச்சுக்கும், அங்கிருந்து கணினிக்கும் எழுத்துருக்கள் குடிபெயர்ந்தன. குடிபெயர்ச்சியில் எப்போதும் சில பொருள்கள் தொலையும். யூரோஸ்டைலில் தொலைந்தது பக்கங்களின் மெல்லிய வில். கணினி வடிவங்கள் பலவற்றில் அப்பக்கங்கள் நேர்கோடாகவே வரையப்பட்டுவிட்டன. நேராகத் தோன்றுவதற்காக வளைக்கப்பட்ட கோட்டை, நேராகத் தோன்றுகிறது என்பதாலேயே நேராக்கிவிட்டார்கள். அந்த இழப்பைச் சுட்டிச் சொல்ல முடியாதவர்களும், எழுத்து ஏதோ விறைத்துப் போய்விட்டது என்று உணர்ந்திருக்கக்கூடும். 2008இல் ஜப்பானிய எழுத்துரு வடிவமைப்பாளர் அகிரா கோபயாஷி, லைனோடைப் நிறுவனத்துக்காக ‘யூரோஸ்டைல் நெக்ஸ்ட்’ என்ற மறுவடிவத்தைச் செய்தபோது, உலோகக் காலத்து அச்சு மாதிரிகளுக்குத் திரும்பிச் சென்று அந்த வளைவுகளை மீட்டார். சுவடியின் படிகளை ஒப்புநோக்கிப் பாடம் மீட்கும் பதிப்பாசிரியரின் வேலையிலிருந்து இது அதிகம் வேறுபட்டதன்று.

வேலை மறக்கப்பட்டதன் விளைவு இவற்றைவிடக் கடுமையானது. நவீனத் தோற்றத்தின் பொருட்டு, இத்தகைய சதுரச் சாயலுள்ள எழுத்துகள் கார்களின் முகப்புத் திரைகளில் இடம்பெற்றன. அங்கே அவை ‘எரிபொருள்’, ‘வேகம்’ என்று ஒரு சொல்லைச் சுட்டிய காலம்வரை சிக்கல் எழவில்லை. திரையில் பட்டியல்களும் முகவரிகளும் வந்தபோது ஓட்டுநர் அவ்வெழுத்தில் உண்மையாகவே படிக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஏஜ்லேப் ஆய்வகமும் மோனோடைப் நிறுவனமும் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்று, வாகனம் ஓட்டும் பாவனைச் சூழலில் இரண்டு எழுத்துருக்களை ஒப்பிட்டது. ஒன்று சதுரச் சாயலுடைய யூரோஸ்டைல். மற்றொன்று, பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்தின் வழிகாட்டிப் பலகைகளுக்கென ஏட்ரியன் ஃப்ருட்டிகர் வரைந்ததிலிருந்து வளர்ந்த ஃப்ருட்டிகர். ஆண்களிடம், ஃப்ருட்டிகரில் அமைந்த திரையைப் பார்க்கச் செலவான மொத்த நேரம் 10.6 விழுக்காடு குறைந்தது. பெண்களிடம் அத்தகைய தெளிவான வேறுபாடு காணப்படவில்லை.

இம்முடிவை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆய்வில் பங்கேற்ற நிறுவனம் எழுத்துருக்களை விற்பது. ஒப்பிடப்பட்டவை இரண்டு எழுத்துருக்கள் மட்டுமே. பாலினங்களுக்கிடையே முடிவு ஒரே மாதிரியாக அமையவில்லை. எனினும் அதன் காரணத்தை எழுத்தின் வடிவத்திலேயே தேட இடமுண்டு. எல்லா எழுத்துகளும் ஒரே மழுங்கிய செவ்வகத்தில் அடங்கும்போது ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடு குறைகிறது. ‘ஓ’, ‘டி’, பூஜ்யம் ஆகியவை உடன்பிறந்தவைபோல நிற்கின்றன. ‘எஸ்’ ஐந்தை ஒத்திருக்கிறது. ‘பி’ எட்டை ஒத்திருக்கிறது. ஒரு சொல்லை நின்று பார்ப்பவருக்கு அந்த ஒற்றுமை அழகு. ஓடும் வாகனத்தில் ஒரு கணம் கண்ணைத் திருப்பிப் பார்ப்பவருக்கு அது தடை. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடந்துவிடுகிறது. எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது சுவை சார்ந்த செயல் என்று நினைத்திருப்பவர்களுக்கு அந்த 28 மீட்டர் வேறொரு அளவுகோலைத் தருகிறது.

பிழை எழுத்துருவினுடையது அன்று. வரிவரியாகத் தொடர்ந்து படிக்கப்படுவதற்கென அதன் பெரிய எழுத்துகளை புட்டியும் நோவரேஸேவும் வரையவில்லை. நின்று பார்க்கும் கண்ணுக்கு, சிறிய இடத்தில், சில சொற்களை மட்டும் தெளிவாகக் காட்டுவது அதன் வேலை. எதிர்காலத்தின் தோற்றம் அதற்கு வந்து சேர்ந்தபின், தேர்ந்தெடுத்தவர்கள் தோற்றத்தைக் கண்டார்கள்; வேலையைக் கேட்கவில்லை. முதல் மூலத்தைத் தேடாமல் அதன் புகழை மட்டும் மேற்கோள் காட்டுவது நூலகத்தில் நிகழ்ந்தால் ஓர் அடிக்குறிப்பு பிழையாகும். அதே பழக்கம் வடிவமைப்பு மேசையில் நிகழும்போது அதன் விலையைச் சாலையில் செல்பவர் கொடுக்க நேரலாம்.

*

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கழிவறை அறிவிப்பை மீண்டும் பார்க்கலாம். ஃபிளாய்டு நிற்கிறார். பலகை அசையாமல் இருக்கிறது. படிக்க அவருக்கு நேரம் இருக்கிறது; படிக்காமல் உள்ளே செல்லும் துணிவு இல்லை. மேலே சில சொற்கள், பெரிய எழுத்துகளில், அகன்று, ஒவ்வொன்றின் உள்வெளியும் அடைபடாமல் நிற்கின்றன. திரைப்பட வரலாற்றில் எதிர்காலத்தின் முகமாகக் கொண்டாடப்படும் அவ்வெழுத்து, அந்தக் காட்சியில் 1952இன் டூரினில் எதற்காக வார்க்கப்பட்டதோ அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

அடுத்த முறை யாரேனும் அக்காட்சியை வகுப்பில் திரையிட்டு எழுத்துருவின் பெயரைச் சொல்லும்போது, வடிவமைத்தவர் என்ற இடத்தில் இரண்டு பெயர்களை எழுதலாம். முதலில் வர வேண்டியது அலெஸ்ஸாண்ட்ரோ புட்டி.